ஊர் எப்படி எழுந்தது என்று கேட்கப் போகிறவர்களுக்கு: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சமூகப்பணி ஆய்வு செய்வதற்கான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ வினாக்கொத்தோடு ஊருக்குள் நுழையும் எவரும் அந்த ஊர் காணும் முதல் ஆய்வாளர் அல்லர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்ததன் பின், குடும்ப அட்டை இலக்கம், இறந்தவர்களின் தொகை, உடைந்த வீட்டின் நீள அகலம் என்று எழுதிக்கொண்டு போனவர்களை இங்குள்ள மக்கள் நிறையவே கண்டிருக்கிறார்கள். எழுதியதைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியவர்கள் மிகச் சிலர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நான் முதன்முதலாகப் போன வீட்டில் கதிரையைத் துடைத்துப் போட்ட அம்மா, நான் வாய் திறப்பதற்கு முன்பே தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கேள்வி கேட்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது.

சமூகப்பணி பயிலும் மாணவர்களையும், தொண்டு நிறுவனங்களிலும் பிரதேச செயலகங்களிலும் வேலை செய்துகொண்டே ஆய்வு எழுதும் உத்தியோகத்தர்களையும் மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வெள்ளம், சூறாவளி, போர், கடன் என்று அடி வாங்கிய ஒரு சமூகம் எவ்வாறு மீண்டெழுகிறது என்பதே ஆய்வுப் பொருள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர் எழுந்து நிற்கிறது என்றால், அதற்கான செலவை அந்த ஊருக்குள்ளேயே யாரோ கொடுத்திருக்கிறார்கள். நகையாகவோ, உழைப்பாகவோ, பிள்ளையின் படிப்பாகவோ, மத்திய கிழக்கில் வீட்டுவேலையாகவோ கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்க்காமல் எழுதப்படும் ஆய்வு, ஊருக்கு வாசித்தளிக்கும் வாழ்த்துமடலாக முடிந்துவிடும்.

முதற்படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"கிழக்கு மாகாணத்தில் சமூக மீண்டெழும் திறன்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அது ஓர் ஆயுட்காலத்து வேலை. ஒரு நிகழ்வு, ஓர் அமைப்பு, ஓர் எல்லை என்ற மூன்றையும் முடிவு செய்யுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஒரு கிராமத்தின் மரண உதவிச் சங்கம் என்ன செய்தது என்பது ஆய்வுக்கு உகந்த கேள்வி. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பெரும்போகத்தில் ஒரு வட்டையின் (வயல்தொகுதியின்) கமக்காரர் அமைப்பு தண்ணீரையும் விதைநெல்லையும் எப்படிப் பங்கிட்டது என்பதும் அவ்வாறே. பேரிடர் என்றால் கடலும் காற்றும் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 2022 இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் தோணிகள் கரையில் கிடந்த மாதங்களும் மீனவக் கிராமங்களுக்குப் பேரிடரே.

நான் சொல்லும் கேள்விகளில் இன்னும் எவரேனும் ஆழமாக எடுக்கக் காத்திருப்பது முகத்துவாரம் வெட்டும் விவகாரம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை பெய்து, உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படும்போது, நீர் முழுவதும் படுவான்கரை வயல்களைக் கடந்து மட்டக்களப்பு வாவியில் வந்து சேர்கிறது. வாவி கடலோடு கலக்கும் இடத்தை மணல் திட்டு அடைத்திருந்தால் வயல் நாட்கணக்கில் நீருள் கிடக்கும். வெட்டிவிட்டால் வயல் தப்பும். ஆனால் வாவியின் நீர்மட்டமும் உப்பும் மாறுவதால் மீன், இறால் பிடிப்பவர்களுக்கு வேறு கவலை. எப்போது வெட்டுவது, யார் கேட்டால் வெட்டுவார்கள், யாருடைய குரல் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் வரை போகிறது என்ற இந்த ஒரே கேள்விக்குள் ஒரு மாவட்டத்தின் சமூக உறவுகள் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றன.

இரண்டாம் படி: சொல்லைத் தீர்மானியுங்கள்

மீள்திறன், தாங்குதிறன், மீண்டெழும் ஆற்றல் என்று நம்மிடம் கலைச்சொற்கள் பல உண்டு. ஆய்வறிக்கையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இறுதிவரை அதையே பயன்படுத்துங்கள். கள வினாக்களிலோ இவற்றுள் எதுவும் வேண்டாம். "உங்கள் மீண்டெழும் ஆற்றல் எவ்வாறு உள்ளது" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காக "பரவாயில்லை" என்பார். மக்கள் சொல்லும் சொற்கள் வேறு. "தாக்குப்பிடிச்சம்", "ஒரு மாதிரிச் சமாளிச்சம்", "இப்பதான் தலையெடுக்கிறம்" என்பவை ஒரே பொருளுடையனவாகத் தோன்றினாலும் மூன்றும் மூன்று நிலைகள். தாக்குப்பிடித்தவர் இன்னும் அடியின் கீழ் நிற்கிறார். சமாளித்தவர் எதையோ விற்றிருக்கிறார். தலையெடுப்பவருக்குத்தான் அடுத்த போகத்தைப் பற்றிய நினைப்பு வந்திருக்கிறது. எந்தச் சொல்லை யார் எப்போது சொன்னார் என்று குறித்து வைப்பதே ஆய்வின் பாதி வேலை.

கோட்பாட்டுப் பக்கத்தில் இரண்டு அடித்தளங்கள் போதும். பிரான் நொரிசும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008 இல் முன்வைத்த கட்டமைப்பு, சமூக மீள்திறனைப் பொருளாதார வளம், சமூக மூலதனம், தகவலும் தொடர்பாடலும், கூடிச் செயற்படும் ஆற்றல் என்ற நான்கின் பின்னலாகப் பார்க்கிறது. 2014 இல் மெல்பேர்னில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரைவிலக்கணம், சமூக நீதியையும் கூட்டுப் பொறுப்பையும் உள்ளூர் அறிவையும் தொழிலின் அடிப்படைகளாக வைக்கிறது. முதலாவது எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டும். இரண்டாவது யாருடைய பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைவூட்டும்.

ஆயத்த அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்துவதாயின், இருவர் தனித்தனியே தமிழாக்கி, மூன்றாமவர் அதை மூலமொழிக்குத் திருப்பி, வேறுபாடுகளைப் பேசித் தீர்க்கும் வழக்கமான முறையோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாறு பேரிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்துக் காட்டி, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது" என்று கேளுங்கள். ஐந்து தெரிவுகளில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் ஒரு கதையைச் சொல்வார்கள். அந்தக் கதையை இலக்கமாக மாற்றும் பொறுப்பு வினவுபவரின் கைக்குப் போய்விட்டால், அளக்கப்படுவது வினவுபவரின் மனநிலையே.

மூன்றாம் படி: ஆசியாவின் பிற இடங்களிலிருந்து கேள்விகளைக் கடன் வாங்குங்கள்

இலக்கிய மீளாய்வு என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் சுருக்கங்களை அடுக்குவதால் பயனில்லை. இங்குள்ள களத்தில் எதைத் தேட வேண்டும் என்று காட்டும் நான்கைந்து இடங்களை ஊன்றிப் படியுங்கள்.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே 1907 இல் வந்த பேரலையைப் பற்றிய நினைவை ஸ்மோங் என்ற ஒரே சொல்லில் தாலாட்டாகவும் கதையாகவும் தலைமுறைகள் கடத்தி வந்திருந்தன. நிலம் குலுங்கிக் கடல் உள்வாங்கியதும் மக்கள் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டே மேட்டுக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் ஏழு பேரே இறந்தார்கள். நம் கரையில் அப்படி ஒரு சொல் இருக்கவில்லை. ஆனால் 1978 நவம்பர் 23 சூறாவளியின் நினைவு மட்டக்களப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்று ஓய்ந்து மறுபக்கத்திலிருந்து திரும்ப அடித்ததைச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த நினைவு பேரப்பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகப் போயிருக்கிறதா, வெறும் பழங்கதையாகப் போயிருக்கிறதா என்பது சிமெலுவேயிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய கேள்வி.

வங்காளதேசத்தில் 1970 நவம்பர்ச் சூறாவளி 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 1972 இல் தொண்டர்களை அடிப்படையாகக் கொண்ட சூறாவளி ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. 2007 இல் சித்ர் சூறாவளி தாக்கியபோது இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400. இந்தக் குறைவை எல்லா நூல்களும் கொண்டாடும். இடையில் 1991 சூறாவளியில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கணவர் வரும்வரை காத்திருந்தவர்களும், ஆண்கள் நிறைந்த பாதுகாப்பிடத்துக்குள் போகத் தயங்கியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். நமது நிலையும் அதுவே: சுனாமிக்குப் பின் அம்பாறை மாவட்ட முகாம்களில் செய்யப்பட்ட ஆய்வொன்று பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் கூடுதலாக இறந்ததை எடுத்துக்காட்டியது. நாட்டிலேயே அதிக உயிர்களை அன்று இழந்த மாவட்டம் அம்பாறை.

தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களை ஆராய்ந்த டானியல் ஓல்ட்ரிச், கட்டுக்கோப்பான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த கிராமங்கள் சுனாமி நிவாரணத்தை விரைவாகப் பெற்றுக்கொண்டதையும், அதே கட்டுக்கோப்பு தலித்துகளையும் விதவைகளையும் வெளியாரையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதையும் காட்டினார். ஒற்றுமையான ஊர் என்று யாராவது சொன்னால், அந்த ஒற்றுமையின் வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று உடனே தேடுங்கள்.

கிழக்கைப் பற்றிய ஆய்வுகளில், டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகளாகச் செய்த வேலையையும், கஞ்சனா ருவன்புர மூன்று இனத்தவரிடையேயும் பெண் தலைமைக் குடும்பங்களைப் பற்றிச் செய்த ஆய்வையும், போர்க்காலத்தில் காணாமற்போனவர்களைப் பற்றி அம்மன் கோயில்களில் உருவேறியவர்களிடம் தாய்மார் கேட்டதைப் பதிந்த பற்றீசியா லோரன்சின் எழுத்துகளையும் கட்டாயம் படியுங்கள். ஆறுதலைத் தேடி மக்கள் போகும் முதல் வாசல் மனநல மருத்துவமனையின் வாசலாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவை உணர்த்தும்.

நான்காம் படி: ஊரின் எல்லையைக் கால்நடையாகக் கண்டறியுங்கள்

கிராம உத்தியோகத்தர் பிரிவு என்பது நிருவாகக் கோடு. அதை அப்படியே சமூகம் என்று எடுத்துக்கொள்வது புதிய ஆய்வாளர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. கோயில் வரி கட்டும் எல்லை, பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களான மஹல்லாவின் எல்லை, மரண உதவிச் சங்கத்தின் சந்தா எல்லை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டை விதானையின் எல்லை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒரு வீதியின் இரு புறங்களில் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் ஆராய்ந்துவிட்டு மறுபக்கத்தைப் பற்றி இந்தப் பக்கம் சொன்னதை எழுதுவது ஆய்வாகாது.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகிறவர்கள் பயணத்துக்கே ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டதால் அந்தப் பக்கம் இலகுவாகிவிட்டது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கோ பாதையில் ஏறிப் பழகியவர்கள் பலர். இங்கே பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை என்பதை வெளியூர் மாணவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு நேரத்தில் கேட்ட கதைகள் எனது பல நேர்காணல்களைவிடச் செறிவானவை.

இடம்பெயர்க்கப்பட்டுக் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2005 இல் வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டது; பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், திராய்மடு போன்ற இடங்களுக்கு மக்கள் மாறிவிட்டார்கள். கிழக்கின் வழக்கப்படி, தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். கணவர் மனைவியின் வீட்டுக்கு வருவார். அதனால் அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்தார்கள். புதிய குடியிருப்பில் சீட்டுக் குலுக்கியும் பட்டியல் வரிசைப்படியும் வீடு கொடுக்கப்பட்டபோது இந்த அடுக்கு கலைந்தது. வீட்டு உறுதி குடும்பத் தலைவர் என்று எழுதப்பட்டவரின் பெயருக்குப் போனதால், பெண்ணின் சொத்தாக இருந்தது பல இடங்களில் ஆணின் சொத்தானது. ஒரு தாய் இதை எனக்கு இப்படிச் சொன்னார்: "அக்காட வளவும் என்ட வளவும் ஒண்டுதானே தம்பி. வேலிக்குள்ளால சோறு வரும். இஞ்ச கல்வீடு தந்திருக்காங்க, மறுகா என்ன, அக்கா அங்கால ஆறாம் ஒழுங்கையில." கல்வீடு கொடுத்ததை அறிக்கைகள் எண்ணியிருக்கின்றன. வேலிக்குள்ளால் வந்த சோற்றை எண்ணுவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஐந்தாம் படி: அனுமதி வேறு, சம்மதம் வேறு

பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அங்கீகாரம், பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தரோடு ஒரு சந்திப்பு என்பது வழமையான ஒழுங்கு. கடிதத்தில் ஆய்வின் நோக்கம், காலம், எத்தனை வீடுகள், தகவல் எங்கே வைக்கப்படும் என்ற நான்கையும் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பிறகு கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியோரையும் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் அனுமதி மட்டுமே. கிராம உத்தியோகத்தரோ வறுமை ஒழிப்புத் திட்டமான சமுர்த்தியின் உத்தியோகத்தரோ உங்களை வீட்டுக்கு அழைத்துப் போனால், பேசாவிட்டால் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபடும் என்று அந்த வீட்டார் நினைக்கக்கூடும். ஆகவே இரண்டாம் நாள் தனியே போங்கள். "இதனால் உங்களுக்கு வீடோ கடனோ கிடைக்காது, பேசாவிட்டால் எதுவும் குறையவும் மாட்டாது" என்ற வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்லுங்கள். கையொப்பம் வாங்கும் படிவம் பற்றி எனக்கு ஐயம் உண்டு. வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கிய காலங்களைக் கண்ட ஊர்களில், வாய்மொழிச் சம்மதத்தை ஒரு சாட்சியோடு பதிவது மேலானது. அதற்கான நியாயத்தை விளக்கினால் ஒழுக்கநெறிக் குழுக்கள் ஏற்றுக்கொள்வதுண்டு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டிருப்பதால், பெயர்களையும் பதிவுகளையும் வெவ்வேறு கோப்புகளில் பூட்டி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தகவல் திரட்டல்

கணக்கெடுப்பு, நேர்காணல், குழுக் கலந்துரையாடல் மூன்றையும் கலந்து செய்வதே இந்தப் பொருளுக்குப் பொருந்தும். கணக்கெடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 300 குடும்பங்கள் உள்ள ஊரில் ஐந்து வீதப் பிழை எல்லைக்கு ஏறத்தாழ 170 குடும்பங்கள் தேவை. அதைவிட முக்கியம் நீங்கள் மாதிரி எடுக்கும் பட்டியல். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும் பெண் கட்டாரில் இருப்பார். அவருடைய மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாவின் பெயர் அடுத்த பிரிவின் இடாப்பில் இருக்கும். ஊர் எழுந்து நிற்பதற்கான பணத்தை அனுப்புபவரும், அந்தப் பணத்துக்காகப் பிள்ளைகளைச் சுமப்பவரும் இருவருமே உங்கள் மாதிரியிலிருந்து நழுவிவிடுவார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு மாதர் சங்கத்தாரோடு ஒரு பிற்பகல் உட்கார்ந்து திருத்துங்கள்.

காலக்கோடு வரைவது நல்ல தொடக்கம். ஆண்டுகளை நீங்கள் சொல்ல வேண்டாம். சூறாவளி, வன்செயல், கடல் வந்த நேரம், ஓடின காலம், பெரிய வெள்ளம் என்று அவர்களே அடுக்குவார்கள்; எதில் நிறுத்துகிறார்கள், எதைத் தாவிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். வாகரைப் பக்கத்திலும் படுவான்கரையிலும் 2006, 2007 இடப்பெயர்வு சுனாமிக்கு மிக அருகில் வந்ததால், இரண்டு இழப்புகளும் ஒரே கதையாகக் கலந்து வரும். அதைப் பிரித்துத் தரும்படி வற்புறுத்தாதீர்கள்.

குழுக் கலந்துரையாடலுக்குப் பெண்களையும் ஆண்களையும் தனித்தனியே அழையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், கோயில் சடங்கு நாட்கள், பாடசாலை விடும் நேரம், அறுவடைக் காலம் ஆகியவற்றைத் தவிருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி நடக்கும் ஊரில் அந்த வாரம் கலந்துரையாடல் வைக்க முயன்று வெறும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. போய்ச் சடங்கைப் பார்த்திருந்தால், யார் எந்தக் குடியின் (தாய்வழிக் குலத்தின்) சார்பில் எந்த வேலையைப் பொறுப்பேற்கிறார் என்ற ஊரின் ஒழுங்கமைப்பு முழுவதும் கண்முன்னே நடந்திருக்கும்.

ஆவணங்களில் நான் மிகவும் மதிப்பது மரண உதவிச் சங்கத்தின் பொருள் கொப்பியை. ஒன்றைப் பார்த்தேன்: எண்பது பக்க அப்பியாசக் கொப்பி, நீர் ஊறி விளிம்பு அலையலையாக மடிந்திருந்தது. கதிரை, தறப்பாள், சோறு சமைக்கும் பெரிய கிடாரம், அகப்பை என்று நிரல்கள். கொண்டுபோனவர், திகதி, திருப்பித் தந்த திகதி. வழமையாக ஒரு செத்தவீட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ள நாளில் "பள்ளிக்கூடம்" என்று மட்டும் எழுதியிருந்தது. கிடாரங்கள் மூன்றும் தறப்பாள்கள் எல்லாமும் அன்று மாலையே போயிருந்தன. நிவாரணம் வரும்வரை இடம்பெயர்ந்தோருக்குச் சோறு போட்டது எது என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியே பதில். இடர் முகாமைத்துவக் குழு என்ற பெயரில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் பின் ஊர் தோறும் அமைக்கப்பட்ட குழுக்களின் பெயர்ப்பலகையைத் தேடுவதற்கு முன், கிடாரம் யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள்.

ஏழாம் படி: வலியைத் தொடும்போது

சுனாமியில் பிள்ளையை இழந்தவரிடமும், காணாமலாக்கப்பட்டவரின் வருகைக்காக இன்னும் விளக்கு வைப்பவரிடமும் "அன்று என்ன நடந்தது" என்று தொடங்காதீர்கள். அதன் பின்னர் வந்த நாட்களைக் கேளுங்கள்: முதலில் யார் வந்தார், அடுப்பு எப்போது மூட்டப்பட்டது, யாரிடம் கடன் பட்டீர்கள். அவர் விரும்பினால் அந்த நாளுக்குத் தானே திரும்பிப் போவார். அழுதால் பேனையைக் கீழே வையுங்கள். ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். தண்ணீர் எடுத்துவர வீட்டில் யாரேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் மேற்கொண்டு கேள்வி வேண்டாம். மறுநாள் வெறுங்கையோடு, கொப்பியின்றி, ஒருமுறை போய் வாருங்கள்.

களத்துக்குப் போகும் முன்பே அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவோடும் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரோடும் பேசி, யாரை எப்படி அனுப்புவது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உளநல உதவிக்கு 1926, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தேசியத் தொலைபேசி இலக்கங்களைச் சிறு துண்டில் அச்சிட்டுக் கொடுக்கலாம். வன்முறைக்கு உள்ளாகும் ஒரு பெண்ணின் கையில் அந்தத் துண்டு கிடைப்பதே ஆபத்தாகலாம் என்பதால், கொடுப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: எழுத்தில் இறக்குதல்

ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது மட்டக்களப்புப் பேச்சை ஏட்டுத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். "கொண்டு போயிட்டாங்க" என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்பதைச் சொல்பவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். அந்த வெற்றிடத்தில்தான் அவர் தன்னைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறார். எழுத்தாக்குபவர் இலக்கணம் கருதி ஓர் எழுவாயை நிரப்பினால், ஆய்வு பிழைப்பதோடு ஒரு மனிதரும் ஆபத்துக்கு உள்ளாவார்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். "சந்தியில் கடை வைத்திருக்கும், ஒரு காலை இழந்த முன்னாள் ஆசிரியர்" என்று எழுதினால் ஊரில் அவரைத் தெரியாத பிள்ளை இராது. தொழிலையோ ஊரையோ காயத்தையோ மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அட்டைப்படத்துக்குச் சிரிக்கும் சிறுமியின் முகம் வேண்டாம். மீண்டெழுந்ததற்குச் சாட்சியாக அவளை நிறுத்த நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஒன்பதாம் படி: கணக்கைப் பார்த்தல்

பகுப்பாய்வில் நான் செய்வது எளிமையான ஒன்று. நேர்காணல்களில் வரும் ஒவ்வோர் உதவியையும் ஒரு வரியாக எழுதுகிறேன்: யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், யாருக்கு, அது திரும்பி வந்ததா, கொடுத்ததால் கொடுத்தவருக்கு என்ன குறைந்தது. கடைசி நிரல் எப்போதும் கடினம். அதற்காக இரண்டாம் தடவை போக வேண்டியிருக்கும். வெள்ளத்தின் பின் விதைநெல் வாங்க ஒரு குடும்பம் தாலிக்கொடியை அடகு வைத்தது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கைகளில் அது "சொந்த வளங்களைத் திரட்டிக்கொண்டனர்" என்று வரும். அடகை மீட்க நுண்கடன், நுண்கடன் தவணையைக் கட்ட இன்னொரு நுண்கடன், கடைசியில் மூத்த மகள் கடவுச்சீட்டு எடுக்கிறாள் என்று கணக்கு தொடர்ந்து போகும். எந்தப் புள்ளியில் நிறுத்தி "இந்தக் குடும்பம் மீண்டுவிட்டது" என்று எழுதுகிறீர்கள் என்பது உங்கள் முடிவு. அந்த முடிவுக்கான காரணத்தை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வரிகள் சேர்ந்த பின் நொரிசின் நான்கு தலைப்புகளுக்குள் அவற்றை அடுக்கிப் பாருங்கள். அடங்காதவை மிஞ்சும். நேர்த்திக்கடன், செத்தவீட்டுக் கைமாற்று, வேலிக்குள்ளால் வரும் சோறு போன்ற அந்த மிச்சங்களே உங்கள் ஆய்வின் புதிய பங்களிப்பு. உங்கள் முடிவுக்கு எதிரான குடும்பங்களைத் தேடிப் போவதும் அவசியம்: எல்லா உதவியும் கிடைத்தும் எழாதவர்கள், எதுவும் கிடைக்காமல் எழுந்தவர்கள், பட்டியலிலேயே இல்லாதவர்கள். ஊரைவிட்டே போய்விட்டவர்களில் இருவரையாவது தொலைபேசியிலேனும் பிடியுங்கள். எழுந்த ஊரைப் பற்றி எழுந்தவர்களிடம் மட்டும் கேட்டால் கிடைக்கும் படம் கோணலாகத்தான் இருக்கும்.

பத்தாம் படி: திரும்பக் கொண்டுபோதல்

ஆய்வைச் சமர்ப்பிப்பதற்கு ஒரு மாதம் முன்னதாகவே முடிவுகளை ஊரில் வாசித்துக் காட்டுங்கள். சமர்ப்பித்த பின் செய்தால் அது திருத்த முடியாத சடங்கு. தமிழில் இரண்டு பக்கம், பெரிய எழுத்து, அட்டவணை ஒன்று போதும். முதலில் பெண்களுக்கு, பிறகு சங்கங்களுக்கு, கடைசியாகப் பிரதேச செயலகத்துக்கு என்ற வரிசையை நான் விரும்புவேன், ஏனெனில் அதிகாரிகள் முன்னிலையில் முதன்முதலாகக் கேட்கும் ஒன்றை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அப்படி ஒரு வாசிப்பில், மூன்று கிடாரங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போன செய்தியைப் பெருமையோடு சொன்னேன். சங்கத்தின் செயலாளர் தலையை ஆட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "கிடாரம் போனது சரி தம்பி. அதுல நாலு நாள் விடியவிடியச் சமைச்சது ஆர் எண்டு எழுதினீங்களா?" எழுதவில்லை. கொப்பியில் அதற்கு நிரல் இல்லாததால் நானும் கேட்காமல் விட்டிருந்தேன். அன்று மாலை பதினொரு பெண்களின் கதையைக் கேட்டு, அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். அந்த ஒரு மாதம் அதற்காகத்தான் வேண்டும்.